பின்னால் நின்ற பங்காளி

அலி மஸ்ஜித் கோட்டை வெள்ளைக்காரன் கைக்குப் போன குளிர்காலத்தில், மூன்று கால் பெட்டியோடு ஒரு துரை கைபர் கணவாய்க்கு வந்தார். மலைச் சண்டைக்காரர்களைப் படம் பிடிக்க வேண்டுமாம். நேற்றுவரை எங்கள் தலையில் பீரங்கிக் குண்டு. இன்றைக்கு ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம்!

தோர்பாஸுக்குப் பெட்டியைக் கண்டு பயமில்லை. பங்காளி குலாப்தினைக் கண்டுதான் பயம். போன வசந்தத்தில் வாய்க்கால் தகராறில் தோர்பாஸின் தம்பி லால்பாஸ், குலாப்தினின் அண்ணனைச் சுட்டுவிட்டான். இனி முறை குலாப்தினுடையது. விழவேண்டிய தலை மூத்தவன் தோர்பாஸுடையது. வெள்ளைக்காரனோடு சண்டை முடியட்டும் என்று பெரியவர்கள் இரு வீட்டுக்கும் நடுவே கல் வைத்திருந்தார்கள். கல் இருக்கும்வரை யாரும் யாரையும் சுடக்கூடாது. ஊரே அந்தக் கல்லை நம்பியது, தோர்பாஸைத் தவிர. தம்பியை எதிர்ப்பாறைமேல் துப்பாக்கியோடு படுக்கச் சொன்னான்.

"அவன் கை எம்பக்கம் நீண்டா சுட்டுடு."

"கல்லு இருக்கேண்ணே?"

"கல்லா வந்து என்னைப் பொதைக்கப் போவுது? போடா."

துரை ஆட்களை வரிசைப்படுத்தினார். தோர்பாஸ் முன்னால் உட்கார, சரியாக அவன் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு வந்து நின்றான் குலாப்தின்.

"பத்து எண்ணுற வரைக்கும் யாரும் அசையக் கூடாது!" என்று துரையின் பேச்சை மொழிபெயர்த்துக் கத்தினான் பெஷாவர் துபாஷி.

திரும்பிப் பார்த்தால் பங்காளிக்குப் பயந்தவன் என்று ஊர் சிரிக்கும். தோர்பாஸ் மூக்கைத்தான் நம்பினான். எங்கள் மலைத் துப்பாக்கியில் மருந்தைப் பற்றவைப்பது நெருப்புத் திரிதான்; திரி புகையாமல் அது வெடிக்காது. வாசனையே இல்லை. காற்று முகத்தில் அடிக்கிறது. திருட்டுப்பயல் அதையும் பார்த்துத்தான் பின்னால் நிற்கிறான்!

பத்தும் எண்ணி முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை.

துரை அந்த இருவரையும் காட்டி ஏதோ கேட்டார்.

"ஒரே தாத்தாவோட பேரனுங்க, துரை," என்றான் துபாஷி.

துரைக்கு முகமெல்லாம் பல். அவர் ஊரில் பங்காளிகள் கொஞ்சிக் குலாவுவார்கள் போலும். பாவி மனிதர்!

"இன்னொரு படமாம்! பின்னால நிக்கிறவரு முன்னால இருக்குறவரு தோள்ல கை போடணுமாம்!"

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"போடட்டுமா, தோர்பாஸ்?" குலாப்தின் தணிந்த குரலில் கேட்டான். "போடலைன்னா இந்த ஆளு வெல்லம் குடுக்க மாட்டான் போலிருக்கு."

பாறையைப் பார்த்து வேண்டாமென்று கையசைக்க நேரம் இருந்தது. ஆனால் அப்படித் தம்பியைத் தடுக்கவைக்கத்தான் இந்தப் பேச்சோ? தோர்பாஸ் கையை அசைக்கவில்லை.

கை வந்து தோளில் விழுந்தது. கனமே இல்லை, சூடாக இருந்தது.

பாறைமேலிருந்து ஒரே ஒரு வெடி.

குலாப்தின் அவன் முதுகில் சரிந்தான். அவனுடைய துப்பாக்கி உருண்டு முன்னால் வந்தது. அதில் திரி இல்லை. தோளிலிருந்து நழுவிய கையின் மணிக்கட்டில், கயிறுபோலச் சுற்றிக் கட்டியிருந்தது, நெருப்பே படாத புதுத் திரி.

"கல்லை மீறினது யாரு?" என்று கேட்டார் கல் வைத்த பெரியவர்களில் ஒருவர்.

இத்தனை நேரம் தோர்பாஸ் தேடிய திரி வாசனை இப்போதுதான் மூக்குக்கு எட்டியது. தம்பி படுத்திருந்த பாறையிலிருந்து வந்தது.