முழங்கைக்கு இரண்டு சொட்டு எண்ணெய்

லாரிப் பட்டறைக்காரர் எந்தப் பொருளையும் ஒருமுறை குத்திப் பார்க்காமல் நம்பியதில்லை. அவர் சுரண்டிப் பார்த்த கண்ணாடி டம்ளர் துருப்பிடித்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. முந்தைய மழைக்காலத்திலேயே மரமுக்காலியும் ஒரு தலையணையும் துருப்பிடித்திருந்தன. மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப் பையில் அவர் ஒரு குத்தூசியைச் செருகியிருப்பார். காலையில் ரொட்டியைக் குத்துவார், குளிக்கும்போது சோப்பைக் குத்துவார், புதுச் செருப்பு வாங்கினால் கடையிலேயே அதன் அடியைக் குத்திவிட்டுத்தான் காலை நுழைப்பார். தங்கையின் கல்யாணப் பேச்சு நடந்த அன்று, எதிரே அமர்ந்திருந்த மாப்பிள்ளையைப் பார்த்தபடியே அவர் கை இருமுறை சட்டைப் பைக்குப் போனதென்றும், மனைவி கண்ணாலேயே அதட்டியதால் பிள்ளையாண்டான் பிழைத்தானென்றும் உறவினர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ராணுவம் கழித்துவிட்ட லாரிகளை ஏலத்தில் எடுத்து, பாடியைச் சரிசெய்து விற்பது அவர் தொழில். அணிவகுப்பில் நிற்பவை போல விறைப்பாக நிற்கும் அந்த லாரிகளின் பச்சை வண்ணத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஓட்டை விழுந்த இடத்தில் கையில் கிடைத்ததைத் திணித்து, மேலே பட்டி என்கிற பூச்சுப் பசையை அப்பி, அதன்மேல் மறுபடியும் பச்சை அடித்து அனுப்பிய அவசரக்காரர்கள் எத்தனையோ பேர். அவர் வாங்கிய முதல் லாரியில் ஏறி நின்றபோது கேபின் தரை பொத்துக்கொண்டு ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. காலை வெளியே இழுத்தபோது அதனோடு ஒரு கட்டிப் பட்டியும், ஓட்டையை அடைக்கத் திணித்திருந்த ஒரு பழைய காலுறையும் வந்தன. அந்தக் காலுறையின் ஜோடி எங்கே என்று அவர் வெகுகாலம் தேடினார். ஒவ்வொரு லாரியிலும் அது ஒளிந்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது.

தங்கையின் கணவர் வண்டித் தகடு தட்டிச் சீராக்கும் டிங்கர். கல்யாணத்துக்குப் பிறகு மைத்துனரின் பட்டறையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். துரு பிடித்த இடத்தை அவர் மூடமாட்டார். வெள்ளை இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துவிட்டு, அதே அளவில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்துச் சமன் செய்து, செந்நிறப் பூச்சு கொடுத்த பிறகே வண்ணத்துக்கு அனுப்புவார். சுத்தியலால் தட்டி, தகடு சொல்வதைத் தலைசாய்த்துக் கேட்பார். வண்ணமும் காய்ந்து டிங்கர் வீட்டுக்குப் போனதும், பட்டறைக்காரர் குத்தூசியோடு வந்து கதவு, மட்கார்டு, பக்கப்பலகை என்று ஓரிடம் விடாமல் குத்திப் பார்ப்பார். ஊசி உள்ளே இறங்காது. அதனால் நிம்மதி வந்துவிடும் என்று நினைத்தால், அதுதான் இல்லை. இன்று இறங்கவில்லை, அவ்வளவுதானே என்று எண்ணிக்கொண்டு அவர் விளக்கை அணைப்பார்.

“என்ன மச்சான், இன்னிக்கும் ஊசி போட்டாச்சா? காய்ச்சல் லாரிக்கா, உங்களுக்கா?” என்று டிங்கர் மறுநாள் கேட்பார். பட்டறைக்காரர் சிரிப்பார். சிரிக்கும்போதும் டிங்கரின் முகத்தில் எந்த இடம் சற்று மேடாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. விற்ற லாரிகள் மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் ஒரே நோய்: கடுகளவில் தொடங்கிக் காசளவுக்கு விரிந்த பழுப்பு வட்டங்கள். அதே சமயத்தில்தான் அவர் வீட்டிலும் துரு இரும்பை விட்டு மற்றவற்றுக்குத் தாவியது. சோப்பு நுரை பழுப்பாக வந்தது. ரொட்டியை வெட்டினால் கத்தி கிறீச்சிட்டது. படைவண்டிகள் எங்கிருந்தோ தொற்றைக் கொண்டுவந்துவிட்டன என்று தெருவில் சந்தேகப்பட்டார்கள். பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் யாரிடமும் சொல்லாமல் கடையை நாலு கட்டடம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பட்டறைக்காரருக்கோ தெருவின்மேல் சந்தேகம், ஏலக்காரர்மேல் சந்தேகம், வண்ணம் விற்றவர்மேல் சந்தேகம். எல்லாச் சந்தேகமும் சுற்றிவிட்டுக் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் மாப்பிள்ளையின் கை.

தீயணைப்பு நிலையத்துக்கு விற்ற லாரியும் ஒருநாள் திரும்பி வந்தது. கதவு முழுக்கப் பழுப்பு வட்டங்கள். நிலைய அதிகாரி கோபப்படவில்லை. நெருப்புக்குள் ஆட்களை ஏற்றிப் போகிற வண்டி இது, கதவே இப்படியென்றால் அடியில் எப்படி என்று மட்டும் கேட்டார். பட்டறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள பட்டிய அப்பி மூடிட்டீங்க. அப்படித்தானே மாப்பிள்ளை?” என்றார் பட்டறைக்காரர்.

“நான் வெட்டி எடுக்காத துரு ஒண்ணுகூட இந்த வாசலத் தாண்டிப் போனதில்ல மச்சான்.”

“வண்டி வேற மாதிரி சொல்லுதே. உங்களையும்தான் பாத்துடுவோம், உள்ள என்ன பூசி வெச்சிருக்குன்னு.”

சொன்னதோடு நில்லாமல், கதவைக் குத்துவது போலவே டிங்கரின் வலது முழங்கைக்குக் கீழே குத்தினார். இரத்தம் வரவில்லை. டிங்கர் அந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். சுத்தியலை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே குத்திய இடத்தில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றியது. பிறகு அது முழங்கையைச் சுற்றிக்கொண்டது. கை மடங்க மறுத்தது. மடக்கினால் கீல் போல ஒலித்தது. காலையில் படுக்கை விரிப்பில் செந்தூள் உதிர்ந்து கிடந்தது. டாக்டர் தட்டிப் பார்த்து, இது தோல்நோய் அல்ல, ஈரத்தில் வைக்கவேண்டாம் என்றார். அதற்குமேல் அவர் படிப்பில் இடமில்லை. சுத்தியல் பிடிக்கிற கை அது ஒன்றுதான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கையால்தான்.

தங்கை பட்டறைக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலில் நின்றபடியே பேசினாள்.

“அவரு கை செஞ்சத வித்துத்தாண்ணே நீ ஊர்ல பேர் வாங்கின. அந்தக் கையவே குத்திட்ட. இனிமே எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா, அந்த ஊசிய வெளிய வெச்சிட்டு வா.”

பட்டறைக்காரருக்குத் தங்கையின் கண்ணீரும் சந்தேகமாகவே இருந்தது. குற்றத்தை ஊரறிய நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்து, நிலைய அதிகாரியையும் டீக்கடைக்காரரையும் வரவழைத்து, அவர்கள் முன்னால் அந்தக் கதவைத் தாமே கழற்றி மேசைமேல் கிடத்தினார். வண்ணத்தைச் சுரண்டினார், பட்டி இல்லை. செந்நிறப் பூச்சைச் சுரண்டினார். புதுத் தகடு பளிச்சென்று சிரித்தது. பற்றவைத்த தையல் ஓரிடத்திலும் விட்டிருக்கவில்லை. கதவின் உட்புறத் தகட்டை வெட்டித் திறந்தார். எந்தக் கண்ணும் பார்க்கப்போகாத அந்த இடுக்கில்கூட டிங்கர் கிரீஸ் தடவியிருந்தார். துரு இருந்தது உண்மைதான்; ஆனால் ஒவ்வொரு வட்டமும் ஒரு சிறு குழியைச் சுற்றியே இருந்தது. குழிகள் மூன்று மூலையாக இருந்தன. எந்தக் காலத்திலோ முனை சற்று உடைந்துபோன அவருடைய குத்தூசியைத் தவிர, மூன்று மூலையாகக் குத்துகிற ஊசி அந்த ஊரில் வேறில்லை.

அவர் ஊசியை எடுத்து ஒரு குழியில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. இன்னொன்றில் வைத்தார். அதிலும் பொருந்தியது. வண்ணத்தைத் துளைத்து மழைக்கு வழிவிட்டது யார் என்று அதற்குமேல் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. “அப்ப நான் கடைய மாத்தினது தண்டமா?” என்றார் டீக்கடைக்காரர். நிலைய அதிகாரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டறைக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். ஊசியை வெளியே வைக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் டிங்கரின் இடது கையில் கொடுத்தார். மறு கையில் ஓர் எண்ணெய்க் குப்பியும், மிக மெல்லிய உப்புத்தாளும் வைத்திருந்தார்.

“நான்தான் குத்தினேன் மாப்பிள்ளை. கதவையும், கையையும். கதவ எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேன். இத இங்க ஒத்துக்கிறேன், நாளைக்குப் பட்டறையிலயும் சொல்லுவேன்.”

டிங்கர் குப்பியை வாங்கி மோந்தார். ஒரு சொட்டை முதலில் வீட்டுக் கதவுக் கீலில் விட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். “ஒண்ணுமில்ல மச்சான். இப்ப உங்க சந்தேகம் எனக்கும் கொஞ்சம் தொத்திக்கிச்சு,” என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். தங்கை மூன்று டம்ளர் டீ கொண்டுவந்தாள். ஒன்றை அண்ணனிடம் நீட்டும்போது, குத்திப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாள்.

அதன்பின் பட்டறைக்காரர் தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து, குழந்தைக்குத் தலை துவட்டுகிற பதத்தில் முழங்கையைத் தேய்த்து எண்ணெய் விட்டார். பகலில், விற்ற லாரிகளை ஊர் ஊராகத் தேடிப் போய், தாம் போட்ட ஒவ்வொரு குழியையும் தம் கையாலேயே தேய்த்து அடைத்துப் பூச்சு கொடுத்தார். உரிமையாளர்கள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். சிலர் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நின்றார்கள். அவர் தலை நிமிராமல் செய்துவிட்டு வந்தார். அடுத்த மழைக்காலத்துக்குள் டிங்கரின் கை மடங்கியது. அவர் முதலில் செய்த வேலை, குத்தூசியின் முனையைத் தேய்த்து மழுக்கி, தீயணைப்பு லாரியின் கதவுக் கீலுக்கு ஆணியாக அடித்ததுதான். அந்தக் கதவு இன்றுவரை தொங்கவில்லை.

வீட்டில் கண்ணாடி டம்ளரின் துரு போகவில்லை. அதில் குடித்தால் இரத்தம் ஊறும் என்று சொல்லி, வெளுத்த முகத்தோடு வருகிற விருந்தாளிகளுக்குப் பட்டறைக்காரரின் மனைவி அதில்தான் தண்ணீர் கொடுக்கிறார். பட்டறையில், வேலை தொடங்குவதற்கு முன் பட்டறைக்காரர் எண்ணெய்க் குப்பியோடு வந்து நிற்பார். டிங்கர் சட்டையின் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டுவார். இரண்டு சொட்டு. டிங்கர் கையை மடக்கி நீட்டுவார். இருவரும் தலைசாய்த்துக் கேட்பார்கள். ஒலித்தால் இன்னொரு சொட்டு. ஒலிக்காவிட்டால், பட்டறைக்காரர் கொக்கியிலிருந்து சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுப்பார்.