பச்சியப்பன் பேருக்கு வைத்த ஊசி

தலை நோகவில்லை. இருந்தும் குள்ளம்மாள் விடிந்ததும் முதல் வேலையாகப் பழைய வேட்டிக் கிழிசலை எடுத்துப் புருவத்துக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். முடிச்சு இடப்பக்கம் வர வேண்டும். அவளுக்கு இடப்பக்கம்தான் நோவு என்பது ஊருக்கே தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது முகத்தைக் கொஞ்சம் சுளிக்க வேண்டும், வெயிலைக் கண்டால் கண்ணை மூட வேண்டும், நடுநடுவே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நிஜமாகவே நோவு இருந்த காலத்தில் இதில் ஒன்றையும் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. களி கிண்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கத்து மண்டையில் உலக்கை விழும். புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதிக் களியைக் கிண்டுவாள். இப்போது நோவு இல்லாத தலையை வைத்துக்கொண்டு நாளெல்லாம் நடிக்க வேண்டியிருந்தது. இதற்கு அந்த நோவே தேவலை என்று சில நேரம் தோன்றியது.

எல்லாம் அந்த ஊசியால் வந்தது.

தை மாதம் மாடு பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் பச்சியப்பன், கிணற்று மேட்டில் வடக்கயிற்றின் மேலேயே சாய்ந்தான். தூக்கிவந்து போட்டபோது வலது கையும் காலும் விழுந்துபோயிருந்தன. கோணிய வாய் மெல்ல நேரானபோது ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "சரி." பசித்தாலும் சரி, ஈ மொய்த்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி. பிறந்ததிலிருந்து யார் சொன்னதற்கும் சரி என்று சொல்லியறியாத மனிதன் அவன். தைலம் தேய்த்தார்கள், தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள், சித்தேரி மலையிலிருந்து வேர் வந்தது. கை வைத்த இடத்திலேயே கிடந்தது.

அப்போதுதான் முனிராஜ் பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கினான். சண்டைக்குப் பயந்து ரங்கூனை விட்டு நடந்தே வந்தவர்களில் ஒருவன். அங்கே ஒரு சீனாக்கார வைத்தியனின் கடையில் மருந்து இடித்தவன். இடித்த மருந்தில் ஒரு சிட்டிகைகூட அவனோடு வரவில்லை. இடுப்பில் ஒரு மூங்கில் குழல், அதற்குள் தலைமயிர் போன்ற ஊசிகள், அவ்வளவுதான். "அத்தன வருசமும் பக்கத்துல நின்னு பாத்துக்கினே இருந்தேங்க. பாத்தாலே கை வந்துரும்" என்பான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

அவனை வரவழைத்தது ராமக்கா. பச்சியப்பனின் அக்கா. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். மலையில் வேர் தோண்டுகிறவர்கள் நோயாளியின் பேரைச் சொல்லித்தான் மண்ணில் கை வைப்பார்கள். பேர் சொல்லி எடுத்த வேரை இன்னொருவர் வாயில் வைத்தால் அதன் வீரியம் அவரோடு போய்விடும். வேருக்கு உள்ளது ஊசிக்கும் உண்டு என்று ராமக்கா முடிவு செய்தாள். ஊசிகளைக் குலசாமி முன் வைத்துக் கற்பூரம் கொளுத்தித் தம்பி பேரைச் சொன்னாள். பிறகு ஊசியின் நீளத்தைப் பார்த்ததும் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"மொதல்ல இவளுக்கு ஒண்ணு குத்திப் பாருப்பா. தல நோவுதுன்னு எப்பப் பாத்தாலும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருப்பா."

முனிராஜ் குள்ளம்மாளின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் குத்தினான். எறும்புக் கூட்டம் ஊர்வதுபோல முழங்கை வரைக்கும் ஒரு கனம் ஏறியது. அன்றைக்குப் போன நோவு பிறகு வரவேயில்லை. பச்சியப்பனுக்கும் அடிக்கடி வந்து குத்தினான்; கையோ காலோ அசையவில்லை.

நோவு போன சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லித் தொலைத்தாள்.

"அவன் பேரச் சொல்லி வெச்ச ஊசி. நீ வாங்கிக்கிட்ட" என்றாள் ராமக்கா.

"நீங்கதான அண்ணி குத்தச் சொன்னீங்க?"

"குத்தத்தான் சொன்னேன். வாங்கிக்கச் சொன்னனா?"

அன்றைக்கே ராமக்கா அதை ஊரெல்லாம் சொன்னாள். தண்ணீர்க் கிணற்றில் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். புருஷன் கையைத் தின்றவள் என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நோவு திரும்ப வந்துவிட்டதாகச் சொல்லிக் குள்ளம்மாள் துணியை எடுத்துக் கட்டினாள். பேச்சு அடங்கியது.

இன்றைக்கு முனிராஜ் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பச்சியப்பனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள்.

"என்னம்மா, இன்னும் கட்டு அவுக்கலியா?"

"நோவு போவலீங்க" என்றாள். பக்கத்தில் ராமக்கா பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

முனிராஜ் திறந்த குழலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"ஒத்தத் தலைநோவுக்கே கேக்கல. வாதத்துக்கா கேக்கப் போவுது? சீனாக்காரன் கை வேற, எங்கை வேறங்க. சும்மா ஒரு மனுசனக் குத்திக்கினு இருக்கறது பாவம்." குழலை மூடி இடுப்பில் செருகினான். "இனிமே நான் வரலீங்க."

"ஒண்ணுத்துக்கும் ஆவாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்றாள் ராமக்கா, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

குள்ளம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன முறை காலில் ஊசி நின்றபோது பச்சியப்பனின் கால் கட்டைவிரல் ஒரு துள்ளு துள்ளியது. அவள் ஒருத்திதான் பார்த்தாள். சொன்னால் அதையும் கண் வைத்துக் கெடுத்தாள் என்பார்களோ என்று சொல்லவில்லை. முனிராஜ் வாசல்படியைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

அவள் தலைத்துணியைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். அது பச்சியப்பனின் இடப்பக்கம் விழுந்தது.

"நோவு போயிடிச்சி! நீ குத்துன அன்னிக்கே போயிடிச்சி. இந்தத் துணி இவங்க வாய்க்குக் கட்டுனது, என் தலைக்கு இல்ல. வா, வந்து குத்து. அவருக்குக் கால் வெரல் ஆடுச்சி, நான் பாத்தேன்."

முறம் நின்றது. "கேட்டியா பச்சியப்பா? உன் வூட்டுக்காரி அவ வாயாலயே சொல்றா."

"சரி" என்றான் பச்சியப்பன்.

ராமக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேகமாகப் போனாள். முனிராஜ் திரும்பி வந்து காலிலும் விழுந்த கையிலும் ஊசிகளை நிறுத்திவிட்டு, பீடி பற்றவைக்கப் புளியமரத்தடிக்குப் போனான்.

இருவரும் தனியாக இருந்தார்கள். வெறும் நெற்றியில் காற்றுப் பட்டது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. அவன் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க. உங்களுக்கு வர வேண்டியத நான் எடுத்துக்கிட்டேன்னு நீங்களும் நெனக்கிறீங்களா?"

"சரி."

"ஆமாங்கறீங்களா, இல்லேங்கறீங்களா?"

"சரி."

"இந்த எழவெடுத்த சரிய வெச்சிக்கினு நான் என்னாத்தப் பண்றது?"

அவன் அவளையே பார்த்தான். அந்தக் கண்ணில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் சத்தமில்லாத அவன் முகத்தைப் படிக்க அவள் பழகியிருக்கவில்லை.

தெருவில் ராமக்காவின் குரலும் கூட நாலைந்து பெண்களின் குரலும் நெருங்கி வந்தன. குள்ளம்மாளின் கை பழக்கதோஷத்தில் தரையில் கிடந்த துணிக்குப் போனது. இழுத்தாள். வரவில்லை. மறுமுனை பச்சியப்பனின் இடது கையில் இருந்தது. எப்போது எடுத்தான் என்று அவள் கவனிக்கவில்லை. புறங்கை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தான்.

"வுடுங்க. ஆளுங்க வராங்க."

"சரி" என்றான்.

அவள் மறுபடியும் இழுத்தாள். துணி வரவில்லை.