சக்கரமுள்ள மற்றவை

எனக்கு வாய் நீளம். வீட்டிலும் அதே பெயர், அலுவலகத்திலும் அதே பெயர். அக்காவின் கணவர், என் அத்தான், என்னைக் கூப்பிடுவதே 'வாயாடி' என்றுதான். அப்படிப்பட்டவள் பதினோரு நாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கக்கேட்டைத்தான் இங்கே சொல்கிறேன்.

எனக்கு வேலை சாலைத் திட்ட அலுவலகத்தில், சுற்றுச்சூழல் ஆய்வுப் பிரிவில். ஒரு நெடுஞ்சாலையை அகலமாக்க வேண்டுமென்றால், மண்வெட்டி விழுவதற்கு முன்னால் நாங்கள் போய் எல்லாவற்றையும் எண்ணுவோம். எத்தனை மரம், எவ்வளவு இரைச்சல், எவ்வளவு புகை, எத்தனை தவளை. ஆமாம், தவளையும்தான். மழைக்காலத்தில் குளத்திலிருந்து சாலையைக் கடக்கிற தவளைகளுக்காக அடியில் ஒரு குழாய் வைக்கச் சொல்லி எங்கள் அறிக்கையில் மூன்று பக்கம் இருக்கிறது. நான்தான் எழுதினேன். பெருமையாகவே எழுதினேன்.

மனிதர்களுக்கு வேறு விதி. சாலை நடுவே ஆறு கிலோமீட்டருக்குச் சுவர் வரப்போகிறது. எந்த இடத்தில் பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் நடந்து கடக்கிறார்களோ, அங்கே மட்டும் சுவரில் இடைவெளி விட்டு சிக்னல் வைப்பார்கள். குறைந்தால் இடைவெளி இல்லை, மேலே நடைமேம்பாலம். ஐம்பத்திரண்டு படி.

அத்தானின் வீடு சாலைக்கு இந்தப் பக்கம். மிக்சி, ஃபேன் பழுதுபார்க்கிற அவர் கடை அந்தப் பக்கம், செயற்கைக் கால் பொருத்தும் மையத்துக்குப் பக்கத்தில். ஒரு விபத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில்தான் போய்வருகிறார். யாரும் தள்ளக் கூடாது. தள்ள வந்தால் ஒரு முறை முறைப்பார் பாருங்கள், வந்த கை தானாகப் பின்னால் போய்விடும்.

எண்ணிக்கை நாளன்று காலை ஆறு மணிக்கே குடையும் மடக்கு நாற்காலியுமாக நான் அத்தான் சாலையைக் கடக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணி சுமாருக்கு அத்தான் வந்தார். என் முன்னால் நிறுத்தி, "என்ன வாயாடி, என்னையும் எண்ணிட்டியா?" என்றார்.

"உங்களை எண்ணாம விடுவேனா அத்தான்? முதல் கோடே உங்களுக்குத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். சாப்பாட்டுக்கு வந்தார், திரும்பினார், சாயங்காலம் கடையடைத்து வந்தார். நான்கு தடவை, நான்கு கோடு.

மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஒன்பது பேர் குறைச்சல். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் இல்லாத ஆளை எண்ண முடியுமா? எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வரைவு அறிக்கை வெளியான அன்று அக்கா போன் செய்தாள். "ஏன்டி, அந்த வழியை மூடப்போறாங்களாம். அவர் எப்படிடி கடைக்குப் போவாரு? அடுத்த முக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். லாரி போற ஓரத்துலயா உருட்டிக்கிட்டுப் போவாரு?"

"எண்ணிக்கை குறைஞ்சுடுச்சுக்கா."

"குறைஞ்சுதா? நீ நல்லாப் பாத்தியா? அந்தக் கால் மையத்துக்கே தினம் எத்தனை பேர் வண்டியில வர்றாங்க!"

வண்டியில் என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் மாட்டிக்கொண்டது. போனை வைத்துவிட்டு அன்றைய படிவத்தை எடுத்தேன். முதல் கட்டம், நடப்பவர். இரண்டாவது, சைக்கிள். கடைசிக் கட்டம், 'சக்கரமுள்ள மற்றவை'. தள்ளுவண்டி, குழந்தை வண்டி எல்லாம் போகிற கட்டம். அதில் முப்பத்தொரு கோடு. என் கையால் போட்டது. முதல் கோடு அத்தானுடையது.

பாவி, அவர் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, என் பேனா அவரைத் தள்ளுவண்டியோடு சேர்த்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சக்கரம் தெரிந்தது, கோடு போட்டேன், அவ்வளவுதான்.

மேலாளரிடம் ஓடினேன். கெட்ட மனிதர் இல்லை அவர். அதுதான் இன்னும் கஷ்டம். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த முப்பத்தொண்ணுல நாற்காலி எத்தனைம்மா?"

"அத்தானோடது நாலு. மத்தது... ஞாபகம் இல்ல சார்."

"கேமரா?"

"அறுபது நாள்ல அழிஞ்சிடும் சார். அழிஞ்சிடுச்சு."

"அப்ப நாலைச் சேர்த்தா நூத்தித் தொண்ணூத்தஞ்சு. இருநூறு வரலையே. எத்தனைன்னு உனக்கே தெரியாதுங்கற, என்னத்தை மாத்தறது? மறுபடி எண்ணணும்னா மழைக்காலம் தாண்டிடும். அதோட, அத்தானுக்காகப் பேசறான்னுதான் சொல்வாங்க. உன் வேலைக்கே உலை வெச்சுக்காத." படிவத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "மக்கள் கருத்துக் கூட்டம் இருக்கு. அவர் வந்து சொல்லட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைப் பதினோரு நாள் செய்தேன். அத்தான் இரண்டு தடவை போனில் கூப்பிட்டார். "தவளைக்கெல்லாம் வழி வெச்சிருக்கீங்களாமே வாயாடி! அடுத்த ஜென்மத்துல நானும் தவளையாப் பொறந்துடறேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய, கோழைக்குச் சிரிப்புதானே வரும்?

கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வாசலில் நான்கு படி. யாரும் தொடக் கூடாது என்கிற மனிதரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். தூக்கி முடிக்கும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அலுவலக மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆளுக்கு மூன்று நிமிஷம். அத்தான் முறை வந்ததும் மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"எனக்குப் பெருசாப் பேச வராதுங்க. ஒரே ஒரு கேள்வி. அன்னைக்கு நானும் நாலு தடவை கடந்தேன். எங்க பக்கத்து மையத்துக்கு வர்றவங்களும் கடந்தாங்க. இந்த நூத்தித் தொண்ணூத்தொண்ணுல நாங்க இருக்கோமா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். "விதிப்படி எல்லாரையும் எண்ணியிருக்கோம் ஐயா. பொறுப்பான ஊழியர்தான் எண்ணினாங்க."

அத்தான் மேசையை நோக்கினார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அவங்களை எனக்கு நல்லாத் தெரியும். என்னைக் கண்ணெதிரே எண்ணினாங்க. அவங்க கணக்குன்னா சரியாத்தான் இருக்கும். குறைஞ்சா குறைஞ்சதுதான், விடுங்க. நான் ஆட்சேபணையை வாபஸ் வாங்கிக்கறேன்."

சக்கரத்தைத் திருப்பிவிட்டார். அக்கா "என்னங்க இது!" என்று எழுந்தேவிட்டாள். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. மேலாளர் தாழ்ந்த குரலில் "உக்காரும்மா" என்றார். நான் போய் மைக்கைப் பிடித்தேன். தாழ்த்தி வைத்த மைக், குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

"நான்தான் எண்ணினேன். தப்பா எண்ணிட்டேன். நாற்காலியில போனவங்களை ஆளா எண்ணல. தள்ளுவண்டியோட சேர்த்து வண்டின்னு எழுதிட்டேன். எத்தனை பேர்னு இப்ப எனக்கே தெரியல. மறுபடி எண்ணணும்."



"வண்டியா?" என்றார் அத்தான். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "என்னையா?"

நான் தலையாட்டினேன். அவர் உருட்டிக்கொண்டு நகர்ந்தார். வாசலில் அந்த நான்கு படிக்கு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, தூக்க ஆள் வரும்வரை காத்திருந்தார்.

மறு எண்ணிக்கைக்கு உத்தரவு வந்தது. என்னை அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது. அக்கா பேசுகிறாள். அத்தான் பேசுவதில்லை. கோபமாகத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் போனால் கையிலிருக்கிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

மறு எண்ணிக்கை நாளன்று மனசு கேட்கவில்லை, லீவு போட்டுவிட்டுப் போய் எதிர்ப்பக்கம் நின்றேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி சுமாருக்கு அத்தான் வந்தார். அவள் முன்னால் நிறுத்தினார். அவள் கோடு போட்டாள். அவர் நகரவில்லை.

"காட்டும்மா" என்று கை நீட்டினார்.

அவள் திகைத்துப்போய் அட்டையைத் திருப்பினாள். அவர் குனிந்து, எந்தக் கட்டம் என்று விரல் வைத்துப் பார்த்தார். பிறகுதான் உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்து, என் பக்கத்தில் நிற்காமலே கடைக்குப் போனார்.