பத்தாவது இலக்கம்

அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி அத்தான் மூன்று முறை சொல்லிவிட்டார். அவள் இறந்துபோய்ப் பதினேழு நாள் ஆகியும், சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருந்தது. "நீ செஞ்ச வெப்சைட்தானே, நீயே எடுத்துடுப்பா. அந்த இடம் வேற யாருக்காவது ஆகட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆமாம், நான் செய்ததுதான். அதைக் கட்டிய குழுவுக்கு நான்தான் தலைவன். குழுவில் ஒரு பெண் இருந்தாள். எதைக் காட்டினாலும் இது கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்பாள். சந்தேகம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தேன். தொலைபேசி எண் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பிரவுசரே பார்த்து, குறைந்தால் சிவப்பு எழுத்தில் சொல்லிவிடும். அதே சோதனையைச் சர்வரிலும் வைத்தே ஆக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரே வேலையை எதற்கு இரண்டு தரம் என்று எரிந்து விழுந்தேன்.

"பிரவுசர் நம்மளோடது இல்ல சார், வர்றவங்களோடது. அதுல நம்ம சோதனை ஓடும்னு என்ன நிச்சயம்? சர்வர் ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு" என்றாள்.

வந்துட்டாங்கய்யா மேதாவி என்று எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். குழுவே சிரித்தது. சர்வரில் சோதனை வைக்கும் பேச்சு அதோடு நின்றது. எனக்கு என்ன வாய்க்கொழுப்பு பாருங்கள்.

அக்கா பதிந்தது, வீட்டுக்குப் பக்கத்தில் அவள் டயாலிசிஸுக்குப் போகும் சின்ன நிலையத்தில். அங்கே இருந்தது ஆதிகாலத்துக் கம்ப்யூட்டர். கூட வா என்று கூப்பிட்டாள், எனக்கு மீட்டிங். என் தம்பி செய்த ஃபாரம், நானே நிரப்புகிறேன் என்று நர்ஸிடம் பீற்றிக்கொண்டாளாம். சாயங்காலம் போன் செய்தாள். பதிந்ததும் மெசேஜ் வரும் என்று போட்டிருக்கிறதே, வரவில்லையே என்றாள்.

"அதெல்லாம் மெதுவா வரும்க்கா. ஃபாரம் உள்ள போயிடுச்சில்ல? தப்பா இருந்தா அதுவே விடாது" என்று வைத்துவிட்டேன்.

அதன்பின் இரண்டு வருஷம் அந்தப் போனை அவள் கீழே வைக்கவில்லை. குளிக்கப் போனாலும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழாய் மேல் தொங்கவிடுவாள். நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசினால், வைடா, அவங்க கூப்பிடுவாங்க என்று துரத்துவாள். சிறுநீரகம் கிடைத்தால் உடனே கூப்பிடுவார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் கிடைக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அது அவளுக்குத் தெரியும்.

போன மாதம் வேறு யாருடைய பிறந்த தேதியோ தாறுமாறாக உள்ளே போய்விட, சர்வரிலும் சோதனை வைக்கச் சந்தேகத்திடம் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் குத்திக்காட்டவில்லை. பழைய பதிவுகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

சாப்பாட்டு மேசையில் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவின் போன் வழக்கமான மூலையில் சார்ஜில் கிடந்தது. எடுக்க மனசு வரவில்லை என்றார். அவள் பதிவைத் திறந்து, நீக்கு என்று அழுத்தினேன். சர்வர் மறுத்தது. தொலைபேசி எண்ணில் ஒன்பது இலக்கமே உள்ளது, சரிசெய்யவும்.

அந்தப் பழைய பிரவுசரில் எங்கள் சோதனை ஓடவே இல்லை. அன்றைக்குச் சோதனை இல்லாத சர்வரோ கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொண்டுவிட்டது. அழைப்பு விவரத்தைத் திறந்தேன். ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து நிமிடத்துக்குள் மூன்று அழைப்புகள். மூன்றுக்கும் எதிரே, எண் தவறு. அதன் கீழே, அடுத்தவருக்கு அனுப்பப்பட்டது.

அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"அப்போ அவங்க கூப்பிட்டாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் பிறகு அதையும் செய்ய முடியவில்லை.

"கூப்பிட்டாங்க அத்தான். என்னாலதான் வந்து சேரல."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரையில் இருந்த எண்ணில் விரலை வைத்து, "கடைசியில இன்னொரு ஏழு வரணும். போடு" என்றார்.

போட்டு, மறுபடியும் நீக்கு என்று அழுத்தினேன். சர்வர் ஏற்றுக்கொண்டது.

மூலையில் அக்காவின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அத்தான் எழுந்துபோய் எடுத்துப் பார்த்தார். பட்டியலிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்பட்டது என்று மெசேஜ் வந்திருந்தது.