கர்சர் நிற்கும் இடம்

பக்கம் திறந்தது. அவளுடைய வலது கை கீபோர்டை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய் மவுஸைப் பிடித்தது, திரையில் முதல் கட்டத்தின் மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கியது, திரும்பி வந்தது. பாலிசி எண், பெயர், வயது, நோய், தேதி. யார் யாருடைய ஆஸ்பத்திரி பில்களோ. எண்டர் தட்டினால் அடுத்த பக்கம் வரும். கை மறுபடியும் மவுஸுக்குப் போகும்.

ஒரு நாளைக்கு முந்நூறு படிவம், முந்நூறு தடவை போய் வர வேண்டும். அதில்தான் மணிக்கட்டு போய்விட்டது.

பன்னிரண்டு பேர் இருந்த அந்த அறையில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடிப்பாள். அந்த எக்ஸ்பிரஸுக்கு இப்போது அரை வாளித் தண்ணீர் தூக்க முடியவில்லை. மகளுக்குச் சடை பின்னுவதும் கணவன் தலையில் விழுந்திருந்தது.

"அப்பா பின்னினா கயிறு திரிச்ச மாதிரி இருக்கும்மா."

"சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கறவன்கிட்ட தலையைக் குடுத்தா அப்படித்தான் இருக்கும்" என்றான் அவன். பிறகு குரலைத் தணித்து, "டாக்டர் சொன்ன பத்து நாள் லீவைப் போட்டுடேன்" என்றான்.

"லீவு போட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க. எல்லாம் அந்த மவுஸால வர்ற வினை. அது மட்டும் இல்லேன்னா கை தன்னால சரியாயிடும்."

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மாடிக்குப் போனாள். அந்தப் படிவத்தை எழுதிய புரோகிராமர் அங்கேதான் இருந்தார். முன் வழுக்கை விழுந்த மனிதர். எல்லோருக்கும் கோடிங் அண்ணன். மேசையிலேயே டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பக்கம் திறந்ததும் கர்சர் ஏன் எங்கயுமே நிக்க மாட்டேங்குது?"

"டேப் கீயைத் தட்டித் தட்டிக் கட்டத்துக்குப் போகலாமேம்மா."

"மேல இருக்கற பதினாலு இணைப்பையும் ஒவ்வொண்ணா தாண்டித்தான் கட்டத்துக்கு வருது. அதுக்கு மவுஸே தேவலாம்."

பதினாலு என்றதும் அவர் தலையைத் தூக்கினார். படிவத்தை எழுதினாரே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து அதில் அடித்துப் பார்த்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஜாவாஸ்கிரிப்ட்ல ஒரே ஒரு வரி. முதல் கட்டத்தைக் கூப்பிட்டு ஃபோக்கஸ்னு சொன்னா, கர்சர் அங்க போய் நின்னுக்கும்."

எழுதினார். பக்கத்தைத் திறந்து பார்த்தார். கர்சரைக் காணவில்லை.

"என்னண்ணே, கோவிச்சுக்கிச்சா?"

"நான்தான் அவசரப்பட்டுட்டேன். கட்டம் வந்து சேர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டா யாரு வருவா?"

வரியை வெட்டிக் கடைசியில் ஒட்டினார். இந்தத் தடவை பாலிசி எண் கட்டத்துக்குள் கர்சர் நின்று துடித்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா மூணு வருஷம் கையை உடைச்சுக்கிட்டோம்!"

"கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேனேம்மா."

"யாரைக் கேக்கறதுன்னே தெரியாதேண்ணே."

அந்த வாரம் அவளுக்கு நல்ல வாரம். வலி பாதியாகக் குறைந்தது. மகளுக்கு இரட்டைச் சடையே பின்னினாள். எண்டர் தட்டினால் கர்சர் காத்துக்கொண்டு நின்றது, விரல்கள் நிற்காமல் ஓடின. சந்தோஷத்தில் எத்தனை அடித்தோம் என்றுகூட அவள் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை முந்நூற்று நாற்பத்தாறு.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அறையின் நடுவில் வந்து நின்றார்.

"இனிமே ஒரு நாளைக்கு முந்நூத்தி நாப்பது. குறைஞ்சா அரை நாள் சம்பளம் கட்."

"முந்நூறுக்கே மூச்சு வாங்குது சார்" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி.

"நம்ம எக்ஸ்பிரஸ் முந்நூத்தி நாப்பத்தாறு அடிச்சிருக்காங்க. அவங்களும் உங்களை மாதிரி மனுஷிதானே?"

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் ஒரு அட்டைப்பெட்டியோடு வரிசையாக வந்து மவுஸ்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டார். "இது இருந்தா கண்ணு கண்ட பக்கம் போகும். இப்பத்தான் தேவையே இல்லையே."

அவர் போனதும் பக்கத்து நாற்காலிக்காரி காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "கை வலிக்குதுன்னு சொன்னே. நல்லா வலிச்சுது போ."

முந்நூற்று நாற்பதில் மூன்று வாரம் ஓடியது. மணிக்கட்டு வீங்கி வளையல் ஏறவில்லை. சாப்பிடக் கரண்டி பிடித்தால் விரல் நடுங்கியது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு, "போன தடவையே பத்து நாள் சொன்னேன். இன்னும் இப்படியே அடிச்சீங்கன்னா கத்திதான் வைக்கணும்" என்றார். அவள் பயந்துபோனாள். மூஞ்சியைத் தூக்கினால் தூக்கிவிட்டுப் போகட்டும், லீவு போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

லீவு அவரவர் கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும். கேட்காமல் நின்றால் வேலையை விட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் காலை இடது கையால் லீவுப் பக்கத்தைத் திறந்து, தேதிகளை அடித்து, காரணம் என்ற இடத்தில் வலது மணிக்கட்டு வீக்கம் என்று அடித்தாள். எண்டர் தட்டினால் காரணத்தில் இன்னொரு வரிதான் இறங்கியது. டேப் தட்டினாள். இருக்கும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கோடு 'அனுப்பு' என்ற பொத்தானைத் தொடாமல் தாண்டிப் பக்கத்தின் உச்சிக்குப் போய்விட்டது. சுற்றி வந்தாள். மறுபடியும் தாண்டியது.

மாடிக்குப் போய்ச் சொன்னாள். கோடிங் அண்ணன் திறந்து பார்த்தார்.

"இது நெசப் பொத்தான் இல்லம்மா, பொத்தான் மாதிரி வரைஞ்சு வச்சது. மவுஸுக்குத்தான் கேக்கும்."

"உங்க மவுஸைக் கொஞ்சம் குடுங்கண்ணே."

"உங்க லீவை உங்க மெஷின்லதான் போடணும். அதுல சொருகினா எடுத்துக்காது, மவுஸே வேலை செய்யாதபடி பூட்டிட்டாங்க."

"அப்ப கர்சருக்குப் போட்ட மாதிரி ஒரு வரி போட்டு விடுங்களேன்."

அவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வரிதான். ஆனா அன்னிக்குக் கேக்காம போட்டதுக்கு எனக்கு மெமோ குடுத்திருக்காங்க. இப்ப சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாம நான் ஒரு புள்ளிகூட வைக்க முடியாதும்மா."

சூப்பர்வைசர் போனில் பேசிக்கொண்டிருந்தார். காத்து நின்று சொன்னாள்.

"லீவுப் பக்கம்தானே? அது உற்பத்தியில சேராது. அடுத்த மாசம் பாக்கலாம். போய் உக்காருங்க, மணி ஒம்பதரை."

இருக்கைக்கு வந்தாள். தேதிகளும் காரணமும் அடித்தது அடித்தபடி இருந்தன. இடது ஆள்காட்டி விரலால் டேப் கீயைத் தட்டினாள். வெளிச்சக் கோடு ஒவ்வொரு இணைப்பாக இறங்கி வந்தது. சம்பளச் சீட்டு, விதிமுறைகள், உதவி. தேதி, காரணம். பிறகு உச்சி. நாலாவது சுற்றில் நேரம் முடிந்ததென்று லீவுப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. அன்றைய முதல் படிவம் திறந்தது. பாலிசி எண் கட்டத்தில் கர்சர் நின்றிருந்தது.