பாசிலியாவின் இடம்

விடியுமுன்பே செனோபியா விளக்கின் கீழே குனிந்துவிட்டாள். எல் ஆல்ட்டோ மலைநகரின் குளிருக்குக் கன்னத்தில் கோகா இலையை ஒதுக்கியிருந்தாள். மேசைமேல் சாண் உயரப் பொம்மைப் பெண். அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக அட்டையில் செய்த ஏரிக்கரையில் ஆடுகிறாள். பொம்மையின் கையை ஒரு மயிரிழை உயர்த்தி, விலகி, படமெடுக்க வேண்டும். மறுபடியும் ஒரு மயிரிழை. நாள் முழுக்க முதுகு ஒடிந்தால் திரையில் அவள் ஒருமுறை சுற்றுவாள். தென்னமெரிக்க நாடுகளின் கதைகளைக் கோத்து ஒரே படம். பொலிவியாவின் கதை இந்தக் கொட்டகையில் தயாராகிக்கொண்டிருந்தது.

காற்றில் பாவாடை அசைந்தால் படம் கெடும் என்று ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். பசையின் நெடி போக வழியில்லை. பொம்மைகளுக்கு முடி ஒட்டும் பாசிலியா நேற்று அந்த நெடியில் மயங்கி, மேசையில் முகம் இடிக்க விழுந்தாள். ரத்தம் ஒழுக ஒழுகத் தூக்கிப் போனார்கள். செனோபியாவுக்கு அழுகை வரவில்லை. அடுத்த படத்தை எடுத்தாள்.

இன்று பாசிலியாவின் இடத்தில் வேறொருத்தி இருந்தாள்.

"பாசிலியா எங்கய்யா?" தச்சர் தியோடோரோ கேட்டார்.

முதலாளி அராமாயோ செல்போனிலிருந்து நிமிரவில்லை. "அவளுக்கு ரத்தசோகை. நிறுத்திட்டேன்."

"பசை நெடிய்யா அது! ஜன்னலத் தொறங்கன்னு எத்தன வாட்டி சொன்னோம்?"

"தொறந்தா படம் என்னாகும்? நம்ம ஜனங்களோட ஆட்டத்த உலகமே பாக்கப்போகுது. கொஞ்சம் பெருமைப்படுங்கப்பா."

"பொம்மையத்தானே பாக்கும்" என்றாள் செனோபியா. தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

"ஏம்மா, நீயும் வீட்டுக்குப் போறியா?"

செனோபியாவுக்குள் கோபம்கூட மரத்துப்போன கால் மாதிரிக் கிடந்தது. எழுந்துபோய், கம்பி வளைக்கும் குறட்டால் பலகையின் ஆணியைப் பிடித்து இழுத்தாள். வழுக்கி உள்ளங்கை கிழிந்தது. உறைக்கவில்லை.

"தள்ளு தங்கச்சி, அது பத்தாது." தியோடோரோ கடப்பாரையோடு வந்தார். சாயம் பூசுகிறவர்கள், துணி தைக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் புதியவளும் பசைக் குச்சியை வைத்துவிட்டு வந்து பலகையின் மறுமுனையைத் தாங்கினாள்.

"அத்தன பேரையும் வெளிய அனுப்பிடுவேன்!"

"அனுப்புங்க. பாசிலியா வர்ற வரைக்கும் ஒரு பொம்மையும் அசையாது" என்றார் தியோடோரோ.

பலகை பெயர்ந்து விழ, மலைக்காற்று உள்ளே பாய்ந்தது. மேசைகளில் பொம்மைகள் சரிந்தன. அராமாயோ யாருக்கோ போன் போட்டுப் போலீஸ், போலீஸ் என்று கத்தினார். ஒருவரும் வெளியே போகவில்லை, கைகளைக் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள்.

புதியவள் ஒரு துணியைக் கிழித்துச் செனோபியாவின் கையில் இறுக்கிக் கட்டினாள். அப்போதுதான் வலித்தது.

"பாசிலியா வீடு எங்கக்கா இருக்கு?" என்று அவள் கேட்டாள். "நான் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

செனோபியா வழி சொன்னாள்.