ரொட்டிப் பூரணி எடுத்த பேட்டி

மத்தியாஸ் சேரைச் சபை நடுவே அவமானப்படுத்தியே தீருவது என்று பூரணி முடிவு கட்டி ஒரு வருஷம் ஆகிறது.

ஹட்டனில் அவள் படித்த பள்ளிக்கூடத்தின் பேச்சு மன்றம் வாத்தியாரான அவர் பொறுப்பில் இருந்தது. விவாதம், பேட்டி எல்லாம் அவர்தான் பழக்குவார். தான் வடக்கத்தி ஆள் என்பார்; வடக்குத் தமிழ் அவர் நாவில் அப்படிப் புரளும். தோட்டத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

போன வருஷ விவாதத்தில் பூரணி வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "எங்க தோட்டத்துல பெரட்டுக்கு முந்தியே எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க..."

சேர் கையைத் தூக்கி நிறுத்தினார். "பெரட்டோ? என்னத்தைப் பிள்ளை பெரட்டுறியள்? ரொட்டியோ, தோசையோ?"

மண்டபமே சிரித்தது. விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு என்னவென்று தெரிந்த பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் ரொட்டிப் பூரணி. பஸ்ஸில்கூட அந்தப் பெயர்தான்.

லீவுக்குப் பொகவந்தலாவையில் ராக்காயி அத்தை வீட்டுக்குப் போனபோது, பேச்சோடு பேச்சாக சேரின் பெயரைச் சொன்னாள். அத்தை கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மத்தியாஸா? அடி இவளே, நம்ம தோட்டத்து மேல்லயத்து இராசம்மா மகன்டி! ஆளு வடக்கத்தி ஆயிட்டானா?"

பூரணிக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நாம் சொன்னால் அது கோள். அவர் வாயிலிருந்தே விழ வேண்டும்.

பேட்டிப் பயிற்சி நாள் வந்தது. பேட்டி கொடுக்கும் பெரிய மனிதராகச் சேரே மேடையில் உட்கார்ந்தார். கேள்வி கேட்கும் முறை பூரணிக்கு வந்தது.

"வாங்கோ ரொட்டி," என்றார் சேர். சிரிப்பு.

பூரணியும் சிரித்தாள். "சேர், உங்க ஊர்ல குளிருமா?"

"வடக்கில ஏது பிள்ளை குளிர்? வெக்கைதான்."

"அப்ப நல்லாத் தூங்கியிருப்பீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போயி அடி வாங்கியிருக்கீங்களா?"

"நான் ஒருநாளும் பிந்திப் போகேல்லை."

"சும்மா சொல்றீங்க சேர். மூஞ்சியைப் பார்த்தா தூங்குமூஞ்சி மாதிரி இருக்கு."

பின்வரிசையில் கெக்கலிப்பு. சேரின் காது சிவந்தது.

"யாரு, நானா?"

"உங்கம்மா தண்ணி ஊத்தித்தானே எழுப்பினாங்க?"

"எங்கம்மாவை இழுக்காத புள்ள! பெரட்டுத் தப்பு அடிக்கிறதுக்கு முந்தியே எந்திரிச்சி, எனக்கு ரொட்டியும் சுட்டு வச்சிட்டுத்தான் மலைக்குப் போவாங்க..."

சொன்னவர் சட்டென்று கையால் வாயைப் பொத்தினார்.

பூரணி சிரிப்புக்காகக் காத்திருந்தாள். இந்த ஒரு சிரிப்புக்காகத்தானே இத்தனை நாள்!

சிரிப்பு வரவில்லை. பின்வரிசையில் ஒருவன் கைதட்டினான். "அட, நம்ம சேரு!" என்றான் இன்னொருவன். மண்டபமே கைதட்டியது. சேரின் முகத்தில் பயம் வடிந்து, அசட்டுச் சிரிப்பு ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது.

பூரணி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். இவருக்குக் கைதட்டலா?

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு," என்றாள். கைதட்டல் ஓய்ந்தது. "பெரட்டுன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கிட்டேதான் என்னைய ரொட்டியான்னு கேட்டீங்க. ஏன் சேர்?"

சேர் வாயைத் திறந்தார். வடக்குத் தமிழும் வரவில்லை, தோட்டத்துத் தமிழும் வரவில்லை. நேரம் பார்க்க மேசையோரம் இருந்த அழகனைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். அழகன் பாவம் பார்த்து, நேரம் முடிந்ததென்று அடிக்கும் மணியை நோக்கிக் கையை நீட்டினான்.

"கைய எடு அழகன்," என்றாள் பூரணி, அவன் பக்கம் திரும்பாமலே. "சேர் இன்னும் பதில் சொல்லல."